மூன்றாவது குழாய்

...மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் இறங்க வேண்டுமா, அல்லது கீழ்க் குழாயின் வாயை வெளியிலிருந்து கவிந்துகொள்ள வேண்டுமா, இதை முந்தாநாளே யோசித்து முடித்தாயிற்று, ஆனால் கூரை மேல் உட்கார்ந்து குழாயைக் கையில் எடுத்ததும் முந்தாநாள் எந்தப் பக்கம் முடித்தோம் என்பதே சந்தேகமாகிவிட்டது. உள்ளே இறங்கினால் புகையின் கருநீர் உட்புறமே வழிந்து உலைக்குத் திரும்பிவிடும், ஆனால் மழை மூட்டுக்குள் புகும். வெளியே கவிந்தால் மழை வழுக்கிப் போகும், கருநீர் கசிந்து தகரத்தின் மேல் கோடு கோடாக இறங்கும்... மழைக்குத் தார் இருக்கிறது, கருநீருக்கு என்ன இருக்கிறது, ஆகவே உள்ளே, ஆமாம், உள்ளே என்றுதான் முடித்தது. அடானே குழாயைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தான். மூன்று குழாய்கள். பழைய எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி, தட்டி, தைல மரத் தண்டின் மேல் உருட்டி வளைத்து, விளிம்போடு விளிம்பை மடித்துப் பூட்டி அவனே செய்தவை, வாய் அகலம் ஒரு சாணும் நாலு விரலும். முதலாவது, உலைக்கு மேல் கவிழ்த்திருக்கும் புகைக்கூட்டிலிருந்து கூரை வரை. இரண்டாவது, கூரையிலிருந்து முகட்டு மட்டம் வரை. மூன்றாவது, முகட்டைத் தாண்டி இரண்டு முழம். அந்த இரண்டு முழம்தான் முக்கியம், அது இல்லாவிட்டால் கிழக்குக் காற்று புகையைக் கூரையோடு படுக்கவைத்து, முகட்டைத் தாண்டி உருட்டி, அந்தப் பக்கம் இருக்கும் ஜெம்பெரே வீட்டு முற்றத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிடும். அப்புறம் புகைபோக்கி எதற்கு? கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெம்பெரே அண்ணாந்து பார்த்தான். இன்றைக்கு அவன் ஆட்டோவை எடுக்கவில்லை, உதவிக்கு வருகிறேன் என்று தானாகவே வந்திருந்தான்.

"டேய் அடானே, முட்ட போடுற கோழி மாதிரி உக்காந்தே இருக்க. போடுவியா மாட்டியா?"

போடுகிறேன், போடுகிறேன், இவனுக்கு ஆட்டோ ஓட்டத்தான் தெரியும், ஆட்டோவில் தப்பாகத் திரும்பினால் திரும்பி வரலாம், தகரத்தில் தப்பாக ஓட்டை போட்டால் அது ஓட்டைதான். அடானே உள்ளிருந்து ஆணியடித்துக் குறித்திருந்த புள்ளியைத் தேடி, அதைச் சுற்றிக் கரித்துண்டால் வட்டம் போட்டான், இரண்டு பக்கமும் கைமரம் ஒரு சாண் தள்ளி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தான், சுடுகுழாய் மரத்துக்கு அருகே போகக் கூடாது. முப்பத்தேழு நாள்... உளியை வைக்கும்போது அந்தக் கணக்கும் கூடவே வந்தது. ஜெம்பெரேயின் குழந்தை பிறந்து இன்றைக்கு முப்பத்தேழு நாள், ஞாயிற்றுக்கிழமை நாற்பது, ஞானஸ்நானம். பிறந்த அன்று காலையில் ஜெம்பெரே வாசலுக்கே ஓடி வந்து, கரி படிந்த தோல் முன்கவசத்தோடு அவனை அப்படியே கட்டிப்பிடித்து, பையன்டா, நீதான்டா ஞானத்தகப்பன், வேற யாரும் கெடையாது என்று சொன்னான். அன்றிலிருந்து அடானே கழுத்துக் கயிறு முடிச்சைப் பழகிக்கொண்டிருக்கிறான். தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தையைக் கையில் வாங்கி, மூன்று நிறக் கயிற்றை அதன் கழுத்தில் கட்ட வேண்டும், சுத்தியல் பிடித்துப் பிடித்து விரல் முழுக்கக் காய்ப்பு, மெல்லிய கயிறு அகப்படவே மாட்டேன் என்கிறது, தண்ணீர்க் குடுவையின் கழுத்தில் கட்டிக் கட்டிப் பார்த்து இப்போதுதான் கொஞ்சம் வருகிறது. மனைவி திரிங்கோ சிரிப்பாள், குடுவைக்கு என்ன பேர் வைக்கப்போற என்று. பத்து நாளைக்கு முன்னால் ஜெம்பெரேயின் மனைவி வுபித் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அண்ணே, ஒன்னும் நெனச்சுக்காதீங்க, கொழந்த இருமுது, புகை உள்ள வருது என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவனுக்கு வெட்கமாகிவிட்டது, அவள் சொல்லும் வரை தனக்குத் தோன்றவில்லையே என்று. ஞானத்தகப்பன் குழந்தைக்குச் செய்யும் முதல் காரியம் என்று நினைத்துக்கொண்டுதான் பீப்பாயையே வெட்டினான்.

உளி இறங்கியது. கரிக்கோட்டின் மேல் விரல் விரலாக நகர்ந்து, முழு வட்டத்தையும் வெட்டாமல், நடுவிலிருந்து நட்சத்திரம் போலக் கீறி, முனைகளை மேலே மடக்கினான், மடக்கிய முனைகள் குழாயைச் சுற்றி நிற்கும், அதன் மேல் தகரப் பாவாடை கவியும், பாவாடையின் மேல்விளிம்பு மேல் தகரத்துக்கு அடியில் போக வேண்டும், கீழ்விளிம்பு கீழ்த் தகரத்துக்கு மேல் வர வேண்டும், தலைகீழாகப் போட்டால் முதல் மழையிலேயே உலை நனையும். ஓட்டை திறந்ததும் இருட்டான பட்டறைக்குள் வெயில் ஒரு தூணாக விழுந்தது, அந்தத் தூணுக்குள் திரிங்கோவின் முகம். முதல் குழாயைத் தோளில் சாய்த்துத் தூக்கிப் பிடித்திருந்தாள், நெற்றியெல்லாம் கரி. அவளுடைய அப்பா உழவர், கொல்லன் வீட்டில் பெண் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர், அவள்தான் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்தாள். இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், போதும் என்று அவன் சொல்லச் சொல்ல அவள் நகர்த்தினாள், குழாய் ஓட்டை வழியே ஒரு தலை போல மேலே வந்தது. சரியாக வந்தது. சரியாக வரும்போதெல்லாம் அவனுக்குக் கொஞ்சம் பயமும் வரும், எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்று. பாவாடையை மாட்டி, ரிவிட் அடித்து, தார் பூசி, இரண்டாவது குழாயை இறக்கி... இதற்குள் ஜெம்பெரே மூன்று முறை எதையோ பேச ஆரம்பித்து வேறு எதிலோ முடித்தான். முதலில் பெட்ரோல் வரிசை. அப்புறம் ஆட்டோவின் பின்சக்கரம். அப்புறம், அடானே, ஒனக்கு ஒன்னு சொல்லணும்னு நெனச்சேன் என்று ஆரம்பித்து, அந்த ஏணியோட நாலாவது படி ஆடுது, பாத்து எறங்கு என்று முடித்தான். அந்தப் படி ஆடவில்லை, போன மாதம் அடானேதான் ஆணி அடித்தான்.

இழுவைக் கம்பி கட்ட முகட்டுக்குப் போக வேண்டியிருந்தது. குழாய் காற்றில் ஆடாமல் இருக்க மூன்று பக்கம் கம்பி, ஒன்று முகட்டு மரத்தில். ஆணி வரிசையின் மேல் மட்டுமே கைவைத்துத் தவழ்ந்து முகட்டில் கால்போட்டு உட்கார்ந்தான், இந்தக் கூரையைப் போட்ட வருடத்துக்குப் பிறகு இவ்வளவு உயரம் வரவில்லை, தூரத்தில் மழை ஓய்ந்த மலைச்சரிவு மஞ்சள் பூவாக இருந்தது, கோந்தர் சாலையில் ஒரு லாரி. கீழே, வேலி மறைக்காத வுபித்தின் முற்றம். அவள் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். காலைக் காப்பி முடிந்திருந்தது, கரிய மண்கூஜா அடுப்போரம் சாய்த்து வைத்திருந்தது, வாளியில் கிண்ணங்களை அலசிக்கொண்டிருந்தாள். நேற்று மாலைக் கிண்ணங்களும் சேர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் நேற்று மாலை அவன் அங்கே குடித்தான், அவனுடைய நீல விளிம்புக் கிண்ணமும் இருந்தது. மற்றவற்றைக் கழுவித் துடைத்துத் தட்டில் கவிழ்த்தாள். நீல விளிம்பை வாளியில் போடவில்லை. துணி நுனியால் அதை எடுத்து, தனிச் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொட்டி, மறுபடி ஊற்றிக் கொட்டி, அடுப்புத் தணலில் அருவதா இலையைக் கிள்ளிப் போட்டு, எழுந்த புகையில் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டி... எழுந்து நடந்து, கழிப்பறைச் சுவரின் மாடத்தில் இருந்த பழைய தக்காளி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். கையைச் சாம்பலால் தேய்த்துக் கழுவினாள். அவசரமில்லை, அருவருப்புகூட இல்லை, தினமும் விளக்குத் திரியை வெட்டுகிறவள் மாதிரி.

கம்பியை இறுக்கு. முதலில் கம்பியை இறுக்கு. இரண்டு முறுக்கு, மூன்று, அதற்கு மேல் முறுக்கினால் அறுந்துவிடும். நல்ல கிண்ணம், விளிம்பு உடைந்துவிடுமென்று தனியாக வைக்கிறாளோ, ஆனால் நல்ல கிண்ணத்தை யாராவது கழிப்பறைச் சுவரில் வைப்பார்களா? எறும்புக்காக இருக்கலாம். இல்லை. அந்தச் சடங்கு அவனுக்குத் தெரியும், ஊரில் அம்மா தண்ணீர் வாங்கிக் குடித்த சுரைக்குடுவையை இப்படித்தான், கண்ணேறு போக, அருவதாப் புகையில் காட்டினார்கள், அப்பா அடித்த ஏர்க்கொழுவை உழவர்கள் கைக்குக் கை வாங்க மாட்டார்கள், தரையில் வை என்பார்கள், வைத்ததும் எடுத்துக்கொள்வார்கள். கொல்லன் கண்ணால் தின்கிறவன், அழகான பிள்ளையைப் பார்த்தால் தின்பான், இரவில் கழுதைப்புலியாவான், அவன் அடித்த கொழுவால் உழுத நிலத்தில் விளைந்ததைத் தின்றுகொண்டே சொல்வார்கள். அதையெல்லாம் விட்டுத்தானே இங்கே வந்தது, இங்கே என்ன குலம் என்று யாரும் கேட்கவில்லை, ஒன்பது வருடமாக யாரும் கேட்கவில்லை. அந்தக் கிண்ணம் எப்போது வந்தது? நாலு வருடத்துக்கு முன்னால். வுபித்தின் முந்தின பையன் நாலாம் மாதத்தில் காய்ச்சலில் போனபோது. அடானேதான் குழி வெட்டினான், இரண்டு ராத்திரி ஜெம்பெரேயோடு தரையில் படுத்தான், அழுதான், வெட்கமில்லாமல் அழுதான். நாற்பது நாள் கழித்து அந்த வீட்டில் மறுபடி காப்பி வறுத்தபோது எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கிண்ணம், அவனுக்கு மட்டும் புதிதாக நீல விளிம்பு, இது அடானே அண்ணனோட கிண்ணம், வேற யாரும் இதுல குடிக்கக் கூடாது என்று வுபித் சொன்னாள். காப்பிக் கிண்ணத்தில் எனது உனது என்று எந்த வீட்டில் இருக்கிறது, தட்டில் வரிசையாக இருக்கும், கைக்கு வந்ததை எடுப்பார்கள். அவனுக்கென்று ஒன்று. நன்றி சொல்கிறாள் என்று நினைத்தான். அன்று வீட்டுக்கு வந்து திரிங்கோவிடம் அதைச் சொன்னான்கூட. கிண்ணத்தில் எப்போதும் ஒரு அருவதாக் கொத்து, மற்றவர்களுக்கு இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை, அவனுக்குத் தவறாது, வாசனை அவனுக்குப் பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள் என்று... என்ன மடையன். என்ன மடையன் நீ.

இன்னும் ஒன்று, ஒவ்வொன்றாக யோசி, குழப்பிக்கொள்ளாதே. வுபித் ஊற்றுவாள். அவன் கையில் யார் கொடுப்பார்கள்? ஒன்பது வருடம் வேண்டாம், நாலு வருடம் போதும், நேற்று மட்டும் போதும். நேற்று வுபித் ஊற்றினாள், தட்டு நகர்ந்தது, நீலக் கிண்ணத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தது... திரிங்கோ. முந்தாநாள் திரிங்கோ. அதற்கு முன்னால். எப்போதுமே. அவன் முகட்டிலிருந்து சறுக்கி இறங்கி ஓட்டையின் அருகே வந்தான், பாவாடை ஓரத்தில் தார் பூசாத இடுக்கு ஒன்று இன்னும் இருந்தது, அதன் வழியே அவள் முகம் பாதி தெரிந்தது, குழாயைப் பிடித்தபடியே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிண்ணத்தை வுபித் எங்கே வைப்பாள் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டான். சத்தமாகக் கேட்கவில்லை, ஜெம்பெரேக்குக் கேட்கக் கூடாது என்று அப்போதும் ஒரு நினைப்பு இருந்தது. அவள் எந்தக் கிண்ணம் என்று கேட்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

"தெரியும்," என்றாள் திரிங்கோ. "தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற? சொன்னா மூட்டையக் கட்டுவ. மறுபடி எந்த ஊரு?"

"நாலு வருஷம் எங்கையில குடுத்திருக்க."

"நீ குடிக்கும்போது ஒம் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதக் கெடுக்க எனக்கு மனசு வரல. குழாயப் பிடிக்கவா, விடவா? தோள் வலிக்குது."

பிடி என்றான். வேறென்ன சொல்வது, விட்டால் புகைக்கூட்டிலிருந்து மூட்டு கழன்றுவிடும். அந்த இடுக்கில் தாரை அப்பினான், முகம் மறைந்தது. மூடிய பிறகுதான் தாருக்குள் விரல் முழுதும் போயிருப்பது தெரிந்தது. இவள் எனக்காக மறைத்தாளா, வேலிக்கு அந்தப் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டும் என்று மறைத்தாளா, அவளுக்குக் கொடுப்பது வெள்ளைக் கிண்ணம்தானே, உழவர் மகள்... இல்லை, அப்படி நினைக்காதே, எனக்காக மூட்டையோடு வந்தவள். ஆனாலும் நாலு வருடம். தினமும் எடுத்துக் கொடுக்கும்போது அவள் என்ன நினைத்துக்கொள்வாள், ஒரு நாளாவது கை கூசியிருக்குமா? என்னைப் பற்றி இரண்டு பெண்களுக்குத் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல், நான் நடுவில் உட்கார்ந்து காப்பியின் மூன்றாம் சுற்றில் சொல்லும் ஆசீர்வாதத்துக்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு. இரண்டு பேர்தானா? கீழே ஜெம்பெரே ஏணியின் காலை மிதித்துக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். இவன் இன்றைக்கு ஏன் வந்தான்? ஒரு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு வருகிற ஆளா இவன்? அடானே கூரை விளிம்புக்கு வந்து குந்தினான். கிண்ணத்தைப் பற்றிக் கேட்கத்தான் வாயைத் திறந்தான், ஆனால் வந்தது வேறு.

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குக் கோயிலுக்கு வரணும்?"

ஜெம்பெரே மேலே பார்க்கவில்லை. ஏணிப் படியைப் பார்த்தான், அடானே ஆணி அடித்த அந்த நாலாவது படியை. பிறகு, அதப்பத்தித்தான்டா பேசணும்னு இருந்தேன், வுபித்தோட அண்ணன் பஹிர்தாரிலிருந்து வர்றாரு, அவருதான் ஞானத்தகப்பனா நிக்கிறேன்னு கேட்டாரு, குடும்பத்துல பெரியவரு, முடியாதுன்னு சொல்ல முடியல என்று சீராகச் சொல்லிவிட்டான், வழியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவனைப் போல. அடானே, மேலேயிருந்து உங்க முற்றம் நல்லாத் தெரியுது என்று மட்டும் சொன்னான். தக்காளி டப்பாவும் தெரியுது என்றான். ஏணி ஒரு முறை அசைந்தது. தெருவில் யாரோ கழுதையை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"நான் அத நம்பலடா," என்றான் ஜெம்பெரே. "சத்தியமா நம்பல. நானும் நீயும் ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். ஆனா அவ... போன பிள்ளைய நீ தூக்கின. மறுநாளே காய்ச்சல். அவ அதையே புடிச்சுக்கிட்டா. நான் அடிச்சா மாத்த முடியும்?"

"நீதானே எங்கையில குடுத்த."

"நான்தான் குடுத்தேன். அதத்தான் அவ தெனமும் சொல்றா."

அடானே திரும்பிக் குழாய்களிடம் போனான். தூக்கினேன். ஆமாம், தூக்கினேன், ஜெம்பெரே கையில் திணித்தான், கனமாக இருந்தது, என்ன கனம் பாரு, எருது மாதிரி என்று சொன்னேன், சொல்லிவிட்டுக் கடவுள் காக்கட்டும் என்று சேர்த்துச் சொன்னேனா, எல்லோரும் சேர்ப்பார்கள், பிள்ளையைப் புகழ்ந்தால் சேர்க்காமல் விடவே மாட்டார்கள். சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருப்பேனா? அந்த நாளை எத்தனை முறை திரும்பிப் போய்ப் பார்த்தாலும் குழந்தையின் எடை கையில் வருகிறது, தன் குரலும் வருகிறது, எருது மாதிரி என்பதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை... இது என்ன யோசனை, காய்ச்சல் வந்தால் காய்ச்சல், அந்த மாதம் தெருவிலேயே மூன்று குழந்தைகளுக்கு வந்தது, ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு வீடு தள்ளி அந்தக் காய்ச்சலில் தப்பித்த குழந்தை இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறது. ஆக, இவனும் தெரிந்தவன். நாலு வருடம் தோளில் கைபோட்டுக்கொண்டு, பண்டிகைக்குப் பண்டிகை கட்டிப்பிடித்துக்கொண்டு. பிள்ளை பிறந்த அன்றைக்கு நீதான் ஞானத்தகப்பன் என்று சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான், அந்தக் கண்ணீர் பொய்யில்லை, உள்ளே போய் அவளிடம் சொல்லியிருப்பான், அவள் ஒரு பார்வை பார்த்திருப்பாள். அதற்கப்புறம் முப்பத்தாறு நாள் தள்ளிப் போட்டிருக்கிறான். புகைபோக்கி முடியட்டும் என்று காத்திருந்தானா? இருக்காது. இருக்கும். யாருக்குத் தெரியும், இனி எதைத்தான் எப்படி நம்புவது.

மூன்றாவது குழாய் கையில் இருந்தது. இதை மாட்டவில்லை என்றால் என்ன? இரண்டோடு நிறுத்தினாலும் பட்டறைக்குள் புகை இருக்காது, உலை நன்றாகவே இழுக்கும், பார்க்கிற யாரும் குறை சொல்ல முடியாது, புகைபோக்கி கேட்டீர்கள், இதோ புகைபோக்கி. பகல் முழுவதும் கிழக்குக் காற்று. முகட்டு மட்டத்தில் வெளியேறும் புகை எங்கே போகும் என்று இந்த ஊரிலேயே அவன் ஒருவனுக்குத்தான் அங்குலக் கணக்காகத் தெரியும், அவள் காயவைக்கும் மிளகாய் மேல், துணி மேல், தக்காளி டப்பா மேல், கிண்ணத்தைப் புகையில் காட்டுகிறாயே, இந்தா, வேண்டிய மட்டும் புகை. கணக்கு எவ்வளவு சுத்தமாக வந்தது என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. வேலையில் இவ்வளவு சந்தேகப்படுகிறவன் இதில் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. குழாயைச் சரிவில் வைத்தான், அது உருளாமல் முழங்காலால் அண்டை கொடுத்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று தெரியாது, ஜெம்பெரே கீழிருந்து, வரட்டுமா, மேல வந்து பிடிக்கட்டுமா என்று கேட்டான். பிறகு எப்போதோ குழாய் கையில் ஏறியிருந்தது, விளிம்பைக் குறுக்கி இரண்டாவதற்குள் இறக்கிக்கொண்டிருந்தான், உள்ளே, கருநீர் உள்ளே வழிய வேண்டும், மூட்டில் நாலு ரிவிட், மேலே தார். எதற்காக மாட்டினேன்? குழந்தை இருமுகிறது, அதற்காகவா? வெட்டிய வேலையைக் குறையாக விட்டால் தூக்கம் வராது, அதற்காகவா? அல்லது முதுகு குனிந்து பழகிவிட்டதா, அப்பாவைப் போல, தரையில் வை என்றால் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்பாரே, அதுவா... எந்தக் காரணத்துக்கு எந்தப் பெயர் என்று தெரியவில்லை, கை வேலையைச் செய்துவிட்டது. மேலே மழைத்தொப்பி. கூம்பு, மூன்று கால், காலுக்கு இரண்டு ரிவிட்.

இறங்கும்போது ஜெம்பெரே கையை நீட்டினான், பிடித்துக்கொள்ளவில்லை, ஆனால் தட்டிவிடவும் இல்லை, நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏணிக்குப் போய்விட்டது. நான் வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன் என்று ஜெம்பெரே சொன்னான், பக்கத்து வீட்டுக்குப் போக இவ்வளவு பெரிய விடைபெறல். பட்டறைக்குள் திரிங்கோ தோளைத் தேய்த்துக்கொண்டு பட்டறைக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள், அவனைப் பார்த்தாள், எழுந்து விறகுச் சுள்ளி எடுத்துக் கொடுத்தாள். குளிர்ந்த குழாய் உடனே இழுக்காது, முதலில் அதைச் சூடாக்க வேண்டும், ஒரு பிடி வைக்கோலைப் பற்றவைத்துப் புகைக்கூட்டின் வாய்க்குள் உயர்த்திப் பிடித்தான், புகை தயங்கியது, ஒரு சுருள் அவன் முகத்துக்கே திரும்பி வந்தது, அவ்வளவுதான், தப்பாகிவிட்டது, அகலம் போதவில்லை என்று நினைத்தபோதே தகரம் லேசாக முனகியது, அப்புறம் உள்ளே யாரோ மூச்சை இழுத்தது போல வைக்கோல் தீ அப்படியே மேல்நோக்கிப் படுத்தது. சுள்ளி, அதன் மேல் கரி, துருத்தியை நாலு மிதி. புகை ஒரு இழைகூடப் பட்டறைக்குள் நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எதிர்ச்சுவர் தெளிவாகத் தெரிந்தது, அதில் மாட்டியிருக்கும் குறடு வரிசை, அரிவாள்கள், சிலந்தி வலைகள். நல்ல வேலை. நல்ல வேலை என்பது மாறவில்லை, எல்லாம் மாறியும் அது மாறவில்லை என்பதில் ஒரு கோபம் வந்தது. வேலிக்கு அப்பால் ஜெம்பெரேயின் குரல் உயர்ந்தது, வார்த்தை விளங்கவில்லை, டப்பா என்பது மட்டும் விளங்கியது, பிறகு வுபித்தின் குரல், பிறகு ஒன்றுமில்லை.

தார் சூட்டில் இளகுகிறதா என்று பார்க்க வேண்டும், முதல் தீயில் பார்க்காவிட்டால் எப்போதும் பார்க்க முடியாது. ஏணியைப் பிடிக்க யாருமில்லாமல் அவனே ஏறினான். கீழ் மூட்டு சரி. இரண்டாவது சரி. மூன்றாவதன் மூட்டைப் பார்க்க முகடு வரை போனான், கையைக் குழாயின் அருகே நீட்டிச் சூட்டைப் பார்த்தான், தலைக்கு மேலே புகை இரண்டு முழ உயரத்தில் வெளியேறி, காற்றில் சாய்ந்து, ஜெம்பெரே வீட்டு முற்றத்துக்கு மேலே, வெகு மேலே, யாரையும் தொடாமல் போய்க்கொண்டிருந்தது. அப்போது கதவுச் சத்தம். வுபித் வெளியே வந்தாள். மார்போடு வெள்ளைத் துணிச் சுருள். அடுப்புப் பக்கம் போகவில்லை, கழிப்பறைப் பக்கம் போகவில்லை, நேராக முற்றத்தின் நடுவுக்கு வந்து நின்று அண்ணாந்தாள், புகையை அல்ல, அவனை. அழுத முகம். நாற்பது நாள் ஆகவில்லை, குழந்தையின் மேல் வெயிலே படக் கூடாது, ஊர்க்கண் படக் கூடாது, வாசலில் ஜெம்பெரே நின்றிருந்தான், அவளை அவன் தள்ளிவிட்டானா அவளாக வந்தாளா தெரியவில்லை. துணியின் நுனியைப் பிடித்து, குழந்தையின் முகத்திலிருந்து மெல்ல விலக்கினாள்.

"அண்ணே," என்றாள். "பாருங்க."

அடானே மழைத்தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் காலில் இரண்டு ரிவிட், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் இரண்டு. எண்ணி முடித்த பிறகுதான் தன் முகம் திரும்பியிருப்பது அவனுக்கு உறைத்தது, அவள் துணியை விலக்கிய அதே கணத்தில், யாரும் சொல்லாமல், சூடான தகரத்துக்கு அவ்வளவு அருகே. கீழே குழந்தை தும்மியது. மறுபடி, இப்போது பார்க்காமலே, முதல் காலில் இரண்டு... இது அவள் மேலுள்ள கோபம், அதனால்தான், கோபம் வந்தால் யாரும் முகத்தைத் திருப்புவார்கள், அதில் என்ன இருக்கிறது. கோபம்தானே? கோபமாக இருந்தால் இந்தக் கண்களை ஏன் இவ்வளவு இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறேன்?